ஃபாதரைக் கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கத்தோலிக்கப் பங்கில், அதாவது எங்கள் ஊர்க் கோவில் சமூகத்தில், திருவிழாக் கணக்குக் கேட்டு ஒரு சண்டை நடந்தது. கேட்டவர்களில் நானும் ஒருவன். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள், அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழு) இருப்பவர்கள், எப்போதோ கூடப் படித்தவர்கள் என்று பலரும் என்னிடம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் இறையியல் படித்தவன் இல்லை. தாத்தா உபதேசியார், அவ்வளவுதான் நமக்கும் இறையியலுக்கும் உள்ள உறவு.

சாமியாரை எதிர்த்துப் பேசுவது பாவம் இல்லையா?

இல்லை. எங்கள் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. "சாமியார் மனசு நொந்தா குடும்பம் விளங்காதுடா" என்பதுதான் அவர் கற்ற மறைக்கல்வியிலேயே ஆழமாகப் பதிந்த பாடம்.

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தை எடுத்து இரண்டாம் அதிகாரத்தைப் படியுங்கள். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். யார் யாரோடு பந்தியில் உட்காருவது என்ற விவகாரம் இது, நம் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. திருச்சபையில் தலைமையை நோக்கி எழுந்த முதல் பெரிய கேள்விகளில் ஒன்றே சாப்பாட்டுப் பந்தியில்தான் எழுந்திருக்கிறது. கேட்டதற்காகப் பவுல் தனிச் சபை தொடங்கவில்லை, பேதுருவின் பொறுப்பும் போய்விடவில்லை. இரண்டு பேருக்கும் ஜூன் 29-ல் ஒரே நாளில் விழா எடுக்கிறோம்.

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதே சம்பவத்தைக் காட்டித்தான், விசுவாசத்துக்கு ஆபத்து என்றால் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை வெளிப்படையாகவும் கண்டிக்கலாம் என்று எழுதினார். மரியாதையோடு, அன்போடு என்பதையும் அவர் விடவில்லை. அதை மறைக்க எனக்கு ஆசைதான், முடியவில்லை.

திருச்சபைச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. 1983-ல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212-ஆம் எண். அதன் முதல் பகுதி மேய்ப்பர்களுக்கு, அதாவது திருச்சபைத் தலைவர்களுக்கு, கீழ்ப்படியச் சொல்கிறது. நமக்குப் பிரசங்கத்தில் வாசித்துக் காட்டப்படுவது அந்தப் பகுதிதான். மூன்றாம் பகுதிக்குப் போங்கள். திருச்சபையின் நன்மையைப் பற்றிய விஷயங்களில், தங்கள் அறிவுக்கும் திறமைக்கும் ஏற்ப, மேய்ப்பர்களிடம் கருத்தைச் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில சமயம் அது கடமையும்கூட, மற்ற விசுவாசிகளிடமும் அதைச் சொல்லலாம் என்று இருக்கிறது. விசுவாசமும் ஒழுக்கநெறியும் கெடாமல், மேய்ப்பர்களுக்கு உரிய மரியாதை குறையாமல், ஆட்களின் மாண்பைக் காத்து என்று நிபந்தனைகளும் கூடவே வருகின்றன. உலக ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏட்டின் 37-ஆம் எண்ணில் இதைச் சொல்லிவிட்டது.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஞாயிறு மறைக்கல்விக்குப் பத்து வருஷம் போயிருக்கிறேன், ஒருவர்கூட இதைச் சொல்லித் தரவில்லை.

சரி, கேள்வி கேட்டால் விசுவாசம் ஆழமாகும் என்கிறீர்களே, எப்படி? கசப்புதானே மிஞ்சும்?

கசப்பு மிஞ்சும். எனக்கும் மிஞ்சியது. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பறையில் பங்குப் பேரவைக் கூட்டம். பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் நாங்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். இரண்டு வருஷத் திருவிழா வரவு செலவை ஏன் வாசிக்கவில்லை என்று நான் கேட்டேன். தலைக்கட்டு வரி வாங்கும்போது ரசீது தருகிறீர்கள், செலவுக்கு மட்டும் ஏன் ரசீது இல்லை என்றேன். ஃபாதர் முன்னால் விரித்து வைத்திருந்த நீள நோட்டை மூடினார். "இது மாதாவுக்கு வந்த காசு. மாதா கேட்கட்டும், சொல்றேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அடுத்த இரண்டு ஞாயிறும் நான் பூசைக்குப் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போனேன், ஆனால் உள்ளே போகாமல் வெளியே நெட்டிலிங்க மரத்தடியில் நின்றேன். மகள் வந்து, "நீங்க ஏன்ப்பா நன்மை வாங்கலை?" என்று கேட்டாள். பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தைத்தான் நாங்கள் நன்மை என்போம். பதில் இல்லை. கோபத்தோடு பீடத்துக்கு வராதே, முதலில் போய் சமாதானம் ஆகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருப்பது அன்றைக்குத்தான் எனக்காக எழுதியது போல உறுத்தியது. அதற்கு முன்னால் அந்த வரியை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

அப்புறம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்கில் இருப்பது ஒரே சாமியார். யார் மேல் கோபமோ அவரிடமேதான் போய் முழந்தாளிட வேண்டும். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து, "எனக்கு உங்க மேலதான் கோபம் ஃபாதர், உங்களைத் திருடன்னு டீக்கடையில பேசினேன்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, எனக்கும் உன் மேல் வருத்தம்தான், 51-ஆம் திருப்பாடலை நீ சொல்லு, நானும் சொல்கிறேன் என்றார்.

கணக்கு அதற்கு மறுநாளும் வரவில்லை! 43 பேர் கையெழுத்துப் போட்டு சுற்றுவட்டாரப் பங்குகளுக்குப் பொறுப்பான மறைவட்ட முதன்மைக் குருவுக்குக் கடிதம் கொடுத்தோம், அதன் நகலை ஆயரின் ஆளுகைப் பகுதியான மறைமாவட்டத்தின் பொருளாளருக்கும் அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து, அறிவிப்புப் பலகையில் நாலு பக்கம் ஒட்டினார்கள். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் திருட்டு ஒன்றும் இல்லை. மைக் செட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருந்தார்கள், அசனத்துக்கு (திருவிழாப் பொதுச் சாப்பாடு) வாங்கிய அரிசிக்கு ரசீதைத் தொலைத்திருந்தார்கள், வாணவேடிக்கைக்கு யாரோ ஒரு பெரிய மனிதர் விலை பேசி ஏமாந்திருந்தார். மொத்தமும் சோம்பேறித்தனம். நான் டீக்கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் "நான் திருடன்னு சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் விசுவாசம் எங்கே ஆழமானது என்றால், அதற்கு முன்னால் எனக்குக் கோவில் என்பது அப்பா போனார், நானும் போகிறேன் என்ற பழக்கம். சண்டை வந்த பிறகுதான் நான் ஏன் இங்கே இருக்கிறேன், அந்த அப்பத்துக்காகவா ஃபாதருக்காகவா, ஃபாதர் எனக்குப் பிடிக்காதவராக இருந்தால் அவர் கையிலிருந்து வாங்கும் நன்மை நன்மையா இல்லையா என்றெல்லாம் எனக்கு நானே பதில் சொல்ல வேண்டி வந்தது. விவிலியத்தைத் தேடிப் படித்தது, சட்ட எண்ணைத் தேடியது, முதல் தடவையாகக் கெஞ்சி ஜெபித்தது எல்லாமே அந்த ஐந்து மாதத்தில்தான்.

புனிதர்கள் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

நிறைய. சியன்னா நகர் புனித கத்தரீனை எல்லாருக்கும் தெரியும். 14-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையர் (போப்புகள்) ரோமை விட்டுப் பிரான்சு நாட்டுப் பக்கம் அவிஞ்ஞோன் நகரில் போய் உட்கார்ந்திருந்தார்கள். சாயத் தொழில் செய்தவரின் மகளான இந்தப் பெண், அப்போதைய திருத்தந்தை பதினோராம் கிரகோரிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். "கோழையாக இருக்காதீர்கள், ஆண்மையோடு நடந்துகொள்ளுங்கள்" என்ற பொருளில் இருக்கும் அவை. அதே கடிதங்களில் அவரை அழைப்பதோ, சின்னப் பிள்ளை அப்பாவைக் கூப்பிடும் செல்லச் சொல்லால். 1376-ல் நேரிலேயே போனார். 1377 ஜனவரியில் திருத்தந்தை ரோமுக்குத் திரும்பினார். கத்தரீனை 1970-ல் மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர், என்று அறிவித்தார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் மேரி மெக்கிலப் கதை. 1866-ல் பெனோலா என்ற ஊரில், ஜூலியன் டெனிசன் வுட்ஸ் என்ற குருவோடு சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த ஒரு துறவற சபையைத் தொடங்கினார். சபையை ஆயர்கள் ஆளுக்கொரு பக்கம் பிய்த்து எடுத்துக்கொள்ளாமல், சகோதரிகளுக்குள்ளேயே ஒரு தலைவியின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவர்களின் விதிமுறை. அடிலெய்டு ஆயர் ஷீல் அந்த விதியை மாற்றப் பார்த்தார். மேரி, மாற்றிய விதியின் கீழ் என்னால் இருக்க முடியாது என்று பணிவாகச் சொன்னார். 1871 செப்டம்பர் 22 அன்று, 29 வயதில், கீழ்ப்படியவில்லை என்று சொல்லி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்கள். சகோதரிகளில் பெரும்பாலோர் தெருவுக்கு வந்தார்கள். இமானுவேல் சாலமன் என்ற யூத வியாபாரி அவர்களுக்கு வீடு கொடுத்தார். விலக்கம் செல்லாது என்று கருதிய இயேசு சபைக் குருக்கள் மேரிக்கு நற்கருணை கொடுத்துவந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து, மரணப்படுக்கையில் ஷீல் அந்த விலக்கத்தை நீக்கச் சொன்னார். 1873-ல் மேரி ரோமுக்குப் போய்த் திருத்தந்தை ஒன்பதாம் பயஸைச் சந்தித்து, சபையின் விதிமுறைக்கு அனுமதி தேடினார். தலைவி விஷயத்தில் அவர் கேட்டது கிடைத்தது, மற்ற சிலவற்றை ரோம் மாற்றியது. 2010 அக்டோபர் 17-ல் அவர் புனிதர் பட்டம் பெற்றார், அந்நாட்டின் முதல் புனிதர்.

இதில் என்னை மலைக்க வைப்பது ஒன்று. தன்னை விலக்கிய ஆயரைப் பற்றி அவர் கசப்பாகப் பேசியதாக எங்கேயும் காணோம். நான் ஒரு மைக் செட் பில்லுக்கே டீக்கடையில் அவ்வளவு பேசினேன்.

சாதாரணப் பங்கு மக்கள் கேட்டு எதுவும் மாறியிருக்கிறதா? புனிதர்கள் கதை வேறு.

சிலி நாட்டின் தெற்கே ஓசோர்னோ என்று ஒரு சின்ன மறைமாவட்டம். 2015 ஜனவரியில் ஹுவான் பாரோஸ் என்பவரை அங்கே ஆயராக நியமித்தார்கள். பெர்னாண்டோ கராதிமா என்ற சாந்தியாகோ நகரத்துக் குரு சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்தவர் என்று வத்திக்கானே 2011-ல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அவர் செய்ததைப் பாரோஸ் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்பது பாதிக்கப்பட்டவர்களின் குற்றச்சாட்டு. பாரோஸ் கடைசிவரை அதை மறுத்தார்.

2015 மார்ச் 21 அன்று ஆயர் பதவியேற்பு. மக்கள் கறுப்பு உடை உடுத்தி, கறுப்புப் பலூன்களோடு பேராலயத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். கூச்சலில் திருப்பலியைச் சுருக்கி முடிக்க வேண்டியதாயிற்று. அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை, மூன்று வருஷத்துக்கு மேல் விடாமல் எதிர்த்தார்கள். கூட்டம், மெழுகுவர்த்தி, கடிதம், மறுபடி கூட்டம். தாங்கள் கத்தோலிக்கர்கள் என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் முதலில் அவர்கள் பக்கம் இல்லை. 2015-ல் புனித பேதுரு சதுக்கத்தில், ஓசோர்னோ முட்டாள்தனத்தால் கஷ்டப்படுகிறது, இடதுசாரிகள் பேச்சைக் கேட்டு ஆடுகிறது என்கிற மாதிரிச் சொன்னது வீடியோவாக வெளியே வந்தது. 2018 ஜனவரியில் சிலிக்குப் போனபோது, ஆயருக்கு எதிராக ஒரு ஆதாரமும் இல்லை, எல்லாம் அவதூறு என்றார். அவருக்கு நெருக்கமான, திருத்தந்தைக்கு அடுத்த நிலையில் இருக்கும் கர்தினால்களில் ஒருவரான பாஸ்டன் ஷான் ஓமாலியே, இந்தச் சொற்கள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரிய வேதனை தரும் என்று வெளிப்படையாகச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், கர்தினால் திருத்தந்தையைத் திருத்துகிறார்.

அதற்கப்புறம் மால்ட்டா பேராயர் சிக்லூனாவை விசாரிக்க அனுப்பினார்கள். அவர் 64 பேரிடம் பேசி 2,300 பக்க அறிக்கையோடு வந்தார். ஏப்ரலில் பிரான்சிஸ், நான் பெரிய தவறு செய்துவிட்டேன் என்று கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார், பாதிக்கப்பட்ட மூன்று பேரைத் தம் இருப்பிடமான சாந்தா மார்த்தாவுக்கு அழைத்துப் பேசினார். மே மாதம் ரோமுக்கு வந்த சிலி ஆயர்கள் 34 பேரும் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஜூன் 11-ல் பாரோஸின் விலகல் ஏற்கப்பட்டது. சில நாளில் சிக்லூனா ஓசோர்னோ பேராலயத்துக்கே போய், திருத்தந்தை சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

முட்டாள்கள் என்று சொல்லப்பட்ட ஜனங்களிடம் அவர்களுடைய கோவிலுக்குள்ளேயே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். திருத்தந்தையையும் நான் இங்கே குறைத்துச் சொல்ல மாட்டேன். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க "நான் தவறிவிட்டேன்" என்று சொல்ல எத்தனை தலைவர்களுக்கு வாய் வரும்?

அப்படியானால் தலைமையை எதிர்ப்பவர்கள் பக்கம்தான் எப்போதும் நியாயமா?

இல்லவே இல்லை. இதற்கு வடக்கன்குளத்துக்குப் போக வேண்டும். நெல்லை மாவட்டம், 1745-ல் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த கோவிலைக் கால்சட்டைக் கோவில் என்று சொல்லலாம். இரண்டு கால் போல இரண்டு நீள மண்டபங்கள், சேரும் இடத்தில் ஒரே பீடம். ஒரு மண்டபத்தில் வெள்ளாளர், மறுபக்கம் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். சாமியாரை இரண்டு பக்கமும் பார்க்கலாம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கட்டடக் கலையில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது.

1910-ல் இயேசு சபைக் குருக்கள் நடுச்சுவரை இடித்தார்கள். எதிர்த்து எழுந்தது யார்? மேல்சாதிப் பங்கு மக்கள். எங்கள் உரிமை, எங்கள் முன்னோர் காலத்து வழக்கம் என்று ஆயர் பார்த்தேயின் மேல் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அவர்களும் தலைமையை எதிர்த்தவர்கள்தான், அவர்களும் பொதுநிலையினர்தான் (குருக்கள் அல்லாத சாதாரண விசுவாசிகள்), சொந்தப் பணம் செலவழித்து உறுதியாக நின்றவர்கள்தான்.

அதனால் யார் கேட்கிறார்கள் என்பதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. கேட்பது பந்தியில் இடம் விடச் சொல்லியா, தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று பார்ப்பேன்.

சாதி விஷயத்தில் இன்றைக்குக் கேட்டால் திருச்சபை காது கொடுக்கிறதா?

பேச்சில் கொடுக்கிறது. 2003 நவம்பர் 17-ல் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், தலித் மக்களை ஒருபோதும் ஒதுக்கக் கூடாது, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான ஒற்றுமைக்கு எதிரான அடையாளம் என்று நேருக்கு நேராகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022-ல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். இவை எதுவும் தானாக வந்தவை அல்ல, பல பத்தாண்டுகளாகத் தெருவில் நின்ற தலித் கிறிஸ்தவ இயக்கங்கள் வாங்கிய விஷயங்கள்.

ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் நின்றதைப் பத்திரிகைகள் எழுதியதை மறக்க முடியுமா? இன்னும் சில ஊர்களில் சப்பரம் எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெருவில் திரும்பாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே வாயை மூடிக்கொண்டு செபமாலை மட்டும் சொல்வதை நான் பக்தி என்று சொல்ல மாட்டேன்.

கோட்பாட்டையும் இப்படிக் கேள்வி கேட்கலாமா?

இது வேறு தளம், கவனமாக நடக்க வேண்டும். கணக்கு, இடமாற்றம், சாதி, புகாரை மூடி மறைப்பது இதெல்லாம் நிர்வாகமும் நீதியும். கிறிஸ்து உயிர்த்தாரா என்பது அப்படிப்பட்டதல்ல. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. இலங்கையில் திஸ்ஸ பாலசூரிய என்ற அமலமரித் தியாகிகள் சபைக் குரு மரியாளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஒரு வருஷம் கழித்து 1998 ஜனவரியில் அந்த விலக்கம் நீங்கியது. 72 வயதில் அப்படி ஒரு அடி வாங்கியும் அவர் வெளியே போய்த் தனிக்கடை போடவில்லை, 2013-ல் குருவாகவே இறந்தார். அவர் எழுதியது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை, பாதி எனக்குப் புரியவும் இல்லை.

அடிக்கடி "பொறுமையாக இருங்கள், ஆயர்களுக்குத் தெரியும்" என்கிறார்களே?

நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்து கடவுள் அல்ல என்ற ஆரியுசின் கொள்கை பரவியபோது ஆயர்கள் பலர் தடுமாறினார்கள், சாதாரண மக்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதை 1859-ல் எழுதியதற்காக இங்கிலாந்துக் குரு ஜான் ஹென்றி நியூமனை ஓர் ஆயர் ரோமில் புகார் செய்தார். அதே நியூமன் 1879-ல் கர்தினால், 2019-ல் புனிதர். பொறுமையாகத்தான் இருந்தார், ஆனால் எழுதிவிட்டுப் பொறுமையாக இருந்தார்.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது? ஒரு வழி சொல்லுங்கள்.

மத்தேயு 18 சொல்வதுதான் வழி. முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள், கேட்கவில்லை என்றால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்கும் மேல் சபையிடம். நான் நேரே மூன்றாம் படியில் ஏறிவிட்டேன், கூட்டத்தில் வைத்துக் கேட்டதால்தான் அந்த மனிதருக்கு ரோஷம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கணக்கு என்றால் உங்கள் கையில் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537-ஆம் எண். மக்கள் கொடுத்த காசுக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287. பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம்தான் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அங்கே ஓட்டுப் போட்டு ஜெயிக்க முடியாது. ஆயரின் எழுத்துபூர்வமான ஆணை உங்களைப் பாதித்தால், அதை மாற்றச் சொல்லி அவரிடமே பத்து நாளுக்குள் எழுத வேண்டும், அதற்கப்புறம்தான் ரோமுக்கு மேல்முறையீடு. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்தப் பத்து நாளில்தான். எதையும் வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

பாலியல் புகார் என்றாலும் இதே படிதானா?

இல்லை! பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால் நேரே காவல் நிலையம், அல்லது 1098. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம், அது உங்களுக்கும் பொருந்தும் ஆயருக்கும் பொருந்தும். குருவிடம் பேசிப் பார்ப்போம், ஆயர் இடமாற்றம் செய்துவிடுவார் என்கிற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். இடமாற்றம் செய்து செய்துதான் உலகம் முழுக்க இவ்வளவு பிள்ளைகள் சீரழிந்தார்கள்.

கேள்வி கேட்டால் கல்யாணம், அடக்கம், ஞானஸ்நானம் என்று வரும்போது பழிவாங்கிவிடுவார்களே?

பயம் நியாயமானது. சிலர் ஜாடையாக மிரட்டுவார்கள். ஆனால் முறையாகக் கேட்பவருக்கு, தகுந்த தயாரிப்போடு இருப்பவருக்கு, சட்டத் தடை இல்லாதவருக்கு அருளடையாளத்தை (ஞானஸ்நானம், கல்யாணம் போன்றவை) மறுக்கக் கூடாது என்று 843-ஆம் எண் சொல்கிறது. கணக்குக் கேட்டது சட்டத் தடை ஆகாது. அப்படி யாராவது மறுத்தால் அதையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பாதிப் பேர் இறங்கிவந்துவிடுவார்கள்.

மற்ற மதத்தவர்கள் முன்னால் நம் மானம் போகாதா?

அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது போல நடிப்பது நாம் மட்டும்தான்.

இவ்வளவு கஷ்டப்படுவதற்கு வேறு சபைக்குப் போய்விடலாமே?

போனவர்கள் இருக்கிறார்கள், என் சித்தப்பா மகனே போனான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே போய் மூன்றாம் வருஷம் பாஸ்டரிடம் கட்டட நிதிக் கணக்குக் கேட்டு இப்போது அங்கேயும் சண்டை. எனக்கு நற்கருணையை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, காரணம் அவ்வளவுதான். அதை வாதாடி நிரூபிக்க எனக்குத் தெரியாது.

அந்த ஃபாதர் இப்போது எங்கே? நீங்கள் இன்னும் அதே பங்கில்தானா?

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். போகும் அன்று சாமான் ஏற்ற நான்தான் வண்டி பிடித்துக் கொடுத்தேன், டீக்கடைக்காரர் அதைப் பார்த்து இன்னும் கிண்டல் செய்கிறார். நான் அதே பங்கில்தான் இருக்கிறேன். புதிதாக வந்தவர் இந்த வருஷம் என்னை நிதிக்குழுவில் போட்டுவிட்டார், அந்த நீள நோட்டு இப்போது என்னிடம்.

போன மாதக் கூட்டத்தில், இளைஞர் இயக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, ஜெனரேட்டர் டீசலுக்கு ஒரே தேதியில் ஏன் இரண்டு தொகை எழுதியிருக்கிறது என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மீசை முளைத்து ஆறு மாதம் ஆகவில்லை, இவன் என்னைக் கேட்கிறானா என்று நினைத்துக்கொண்டே நோட்டை மூடப் போனேன். பாதியில் கை நின்றுவிட்டது. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வா தம்பி, பில்லைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பில் இருக்கிறது, இன்னொன்றை வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன்.